முடிச்சே இல்லாத சடை

ஒரு சடையில் எத்தனை முடிச்சு இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. மேலே முடி தலையோடு ஒட்டியிருக்கிறது, கீழே ஒரு ரப்பர் பேண்ட். நடுவில் எதையும் எதனோடும் யாரும் கட்டவில்லை. ரப்பர் பேண்டை உருவிவிட்டு விரலை விட்டுக் கோதினால் இடுப்பளவு சடையும் அரை நிமிடத்தில் பிரிந்துவிடும். ஆனால் காலையில் பின்னிய அதே சடை பஸ் நெரிசலையும் வியர்வையையும் தாண்டி சாயங்காலம் வரை அப்படியே நிற்கிறது. சுலபமாகப் பிரியும் ஒன்று இவ்வளவு நேரம் எப்படி நிற்கிறது? நீளமான முடியை வைத்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் தானே ஒரு பிரெஞ்சுப் பின்னல் போட்டுப் பார்க்க நினைப்பவருக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல.

சாதாரண மூன்று கால் பின்னலில் இருப்பது இரண்டே அசைவுகள். வலது காலை நடுக்காலின் மேலாக நடுவுக்குக் கொண்டுவருகிறோம். அடுத்து இடது காலை அதேபோல நடுவுக்கு. இதையே மாற்றி மாற்றிச் செய்கிறோம். ஆறு முறை மாற்றியதும் மூன்று கால்களும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கும். அந்த நிலையில் ஏதாவது ஒரு காலை மட்டும் மனத்துக்குள் உருவி எடுத்துவிடுங்கள். மிச்சமுள்ள இரண்டும் ஒன்றையொன்று சுற்றாமல் தனித்தனியே தொங்கும். எந்தக் காலை எடுத்தாலும் இதேதான். இரண்டிரண்டாகப் பார்த்தால் பிணைப்பே கிடையாது, மூன்றும் சேர்ந்தால்தான் பிணைப்பு. எமில் ஆர்ட்டின் என்ற கணித அறிஞர் 1925-இல் பின்னல்களுக்கென்றே ஒரு கோட்பாட்டை எழுதினார். அதன் வழியாகப் பார்த்தால், ஆறு மாற்றுப் பின்னிய சடையில் ஒவ்வொரு காலின் மேல்முனையையும் கீழ்முனையோடு இணைத்தால் கிடைப்பது போரோமியன் வளையங்கள்: மூன்றில் ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தாமாகக் கழன்று விழும் அந்தப் பிரபலமான வளையங்கள். தினமும் காலையில் அவசர அவசரமாகச் செய்கிற வேலைக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

முடிச்சு இல்லை என்றால் பிடித்து நிறுத்துவது எது? வளைவும் உராய்வும். ஒரு கயிற்றைக் கம்பத்தைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி, நுனியை லேசாகப் பிடித்திருந்தாலே போதும், மறுபக்கம் ஒரு மாடு இழுத்தாலும் தாங்கும். கயிற்றுக்கும் கம்பத்துக்கும் உராய்வுக் கெழு 0.3 என்றால், மூன்று சுற்றில் பிடி 280 மடங்குக்கு மேல் கூடுகிறது. வளைவு கூடக்கூடப் பிடி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. சடையில் ஒவ்வொரு காலும் மற்ற இரண்டின் மேல் வளைந்து வளைந்து இறங்குகிறது. அத்தனை வளைவுகளும் சேர்ந்து தாங்குவதால்தான் அடியில் ஒரு சின்ன ரப்பர் பேண்ட் போதுமானதாக இருக்கிறது.

முடியின் தோலும் இதற்கு உதவுகிறது. ஒவ்வொரு இழையின் மேலும் நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்தபடி படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழவழப்பு, நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் சொரசொரப்பு. உதிர்ந்த ஒற்றை முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். எப்போதும் வேர்முனைதான் முன்னால் போகும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பழைய நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. இறுக்கிப் பின்னினால்தான் சடை நிற்கும் என்று, கண் இரண்டும் மேலே இழுபடுகிற அளவுக்குப் பின்னி அனுப்பும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடியில் சீராக இறுகியிருக்க வேண்டியது சரிதான். நெற்றியோரத்தில் வேரைப் பிடித்து இழுப்பதால் சடைக்கு ஒரு பலமும் கூடாது, ஏனென்றால் பிடி வருவது வளைவுகளின் எண்ணிக்கையிலிருந்து. அந்த இழுப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வகிடும் நெற்றியோரமும் வழுக்கையாகும். இழுவிசையால் வரும் இந்த முடியிழப்பு, முடியை எப்போதும் உச்சியில் இழுத்துக் கட்டிவந்த கிரீன்லாந்துப் பெண்களிடம் 1907-இலேயே பதிவாகியிருக்கிறது. பின்னி முடித்ததும் தலை வலித்தாலோ, வேரோரம் சின்னக் கொப்புளம் வந்தாலோ அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

இனி கைவேலை. முதலில் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போய்ச் சிக்கெடுங்கள். உச்சியில் ஒரு கொத்து முடியை எடுத்து மூன்று காலாகப் பிரித்து, வலது ஒன்று, இடது ஒன்று எனப் பின்னுங்கள். அடுத்த முறை வலது காலை நடுவுக்குக் கொண்டுவரும்போது, வலது காதோரத்திலிருந்து மெல்லிய ஒரு பிடி முடியை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இடதுக்கும் அப்படியே. பிடரிக்கு வந்து சேரும்போது எல்லா முடியும் உள்ளே வந்திருக்கும், அதற்குக் கீழே வழக்கமான சடைதான். இரண்டு கண்ணாடி வைத்துப் பின்தலையைப் பார்த்துப் பின்ன முயல்வது வீண், குழப்பம்தான் மிஞ்சும். விரல்களின் தொடுஉணர்வே போதும். முழங்கைகளை மேஜைமேல் ஊன்றித் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டால் கை கடுக்காது.

நீள முடிக்காரர்களை உண்மையில் படுத்துவது வேறொன்று. மேலே பின்னப் பின்ன, கீழே தொங்கும் வால்களும் தமக்குள் பின்னிக்கொள்ளும். மேலே விழும் பின்னலின் நேர் எதிர்ப்பின்னல் அது. நுனிகள் மூன்றும் சேர்ந்தே கிடக்கும்போது மேலே ஒரு மாற்று விழுந்தால் கீழே அதற்கு எதிர்மாற்று விழுந்தே ஆகும். மேலே சொன்ன கணக்கு இங்கே கைகொடுக்கிறது. இரண்டிரண்டாகப் பிணைப்பு இல்லை அல்லவா? அதனால் மூன்று வால்களையும் பிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஏதாவது ஒரு காலை மட்டும் பிடித்து, அதன் வாலை நுனி வரை முழுசாக வெளியே உருவிவிடுங்கள். மற்ற இரண்டும் தாமாகவே விலகிவிடும். நாலைந்து மாற்றுக்கு ஒருமுறை இதைச் செய்துவந்தால் சிக்கு பெரிதாகாது.

அன்றே தலைக்குக் குளித்த முடி பின்னலுக்கு உகந்ததல்ல, வழுக்கிக்கொண்டு ஓடும், பறக்கும். உள்ளங்கையில் தேய்த்த இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காலை ஒழுங்காக்கும். கூடினால் பிடியே போய்விடும். தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள்ளேயே ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தத் திறமை இல்லை. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியென்றால் இடுப்பைத் தொடும் நுனிக்கு வயது ஐந்தாறு ஆண்டு. அத்தனை வருட வெயிலையும் சீப்பையும் பார்த்து அதன் செதில்கள் தேய்ந்திருக்கும், அதனால் ரப்பர் பேண்டை நுனியில் போடாமல் நாலு விரற்கடை மேலே போடுவது நல்லது. துணி சுற்றிய பேண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

இது கைவந்துவிட்டால் மற்றவை எளிது. காலை நடுக்காலின் மேலாகக் கொண்டுவராமல் அடியாகக் கொண்டுவந்தால் டச்சுப் பின்னல், சடை தலைமேல் எழும்பி நிற்கும். பிடரிக்குக் கீழே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முன்பக்கம் பின்பக்கம் மட்டுமே. மீன்வால் பின்னலுக்கு இரண்டே கொத்துதான், வெளியோரத்திலிருந்து மெல்லிய இழையை எடுத்து எதிர்க்கொத்தின் உள்பக்கம் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பார்க்க அழகு, பொறுமையைச் சோதிக்கும். நாலுகால், ஐந்துகால் பின்னல்களை முதலில் ஜன்னல் கம்பியில் கட்டிய ரிப்பன்களில் பழகுவது உத்தமம்.

அவிழ்த்ததும் முடியில் அலை விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் லேசான ஈரத்தோடு, தளர்வாகப் பின்ன வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த முடி இழுத்தால் அதிகம் நீளும், எளிதில் அறும். தண்ணீர் முடிப்புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, காயும்போது வளைந்த நிலையிலேயே அவை மறுபடி இணைகின்றன. ஆகவே நன்றாகக் காய்ந்த பிறகே பிரிக்க வேண்டும், அதுவும் அடியிலிருந்து, விரலால். காற்றிலுள்ள ஈரமே இந்தப் பிணைப்புகளை மீண்டும் தளர்த்திவிடும் என்பதால் கடலோர ஊர்களில் அலை மதியம் வரை தாங்கினாலே அதிர்ஷ்டம். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.