வியர்வை உலரும் வழி

நுழையும்முன்

வெயிலைப் பற்றிப் பேசுவோர் முதலில் கேட்பது, ‘இன்று எத்தனை டிகிரி?’ என்பதே. ஆயினும் ஒரே அளவு வெப்பம் எல்லா ஊரிலும் ஒரே துன்பத்தைத் தருவதில்லை. ஒரே ஊரிலும் எல்லாருக்கும் ஒரே துன்பத்தைத் தருவதில்லை. காவிரியின் கடைமடைப் பகுதியாகிய திருத்துறைப்பூண்டி வட்டார மக்கள் கோடையோடு போராடும் முறையையும் அப்போராட்டத்தின் பின்னுள்ள அறிவியலையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேட்டூர் அணையைப் பாசனத்திற்காக ஜூன் 12ஆம் நாள் திறப்பதும் ஜனவரி 28ஆம் நாள் மூடுவதும் நெடுநாள் வழக்கம். இடைப்பட்ட நான்கரை மாதம் காவிரிப் படுகை ஆற்றுநீரின்றி இருக்கும் காலமாகும். கோடை முழுவதும் இந்தக் காலத்திற்குள்தான் வருகிறது. திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளும் கிழக்கே வேதாரணியத்தின் உப்பளங்களும் உள்ளன. சம்பா அறுவடை முடிந்து, அதன்பின் விதைத்த உளுந்தும் பயறும் வீடுவந்து சேர்ந்ததும் களிமண் வயல்கள் கால்விரல் நுழையும் அளவிற்கு வெடித்துக் கிடக்கும். ஊரையொட்டி ஓடும் முள்ளியாற்றில் அங்கங்கே தேங்கிய நீரே மிஞ்சும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மருதத்தை அது அவ்வரிசையில் சேர்க்கவில்லை. சித்திரை மாதத்துக் கடைமடையை நேரில் காண்போர்க்கு அதையும் சேர்த்திருக்கலாமே என்று தோன்றக்கூடும்.

கத்திரியும் முதுவேனிலும்

மக்கள் அஞ்சும் கத்திரி வெயில், ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை நீடிக்கும். கதிரவன் பரணியின் பிற்பகுதியில் தொடங்கிக் கார்த்திகையைக் கடந்து ரோகிணியைத் தொடும் காலம் இது. கார்த்திகைக்குரிய தெய்வம் அக்கினி. அதனால் அக்கினி நட்சத்திரம் என்ற பெயர் வந்தது. வானிலைத் துறையின் கணக்கில் இப்படியொரு காலப்பிரிவு இல்லை. கதிரவன் திருத்துறைப்பூண்டியின் உச்சிக்கு நேரே வருவது அதற்கும் முன்பே, ஏப்ரல் 17, 18ஆம் நாள்களை ஒட்டி நிகழ்கிறது. அன்று நண்பகலில் நட்டுவைத்த கோலின் நிழல் கோலடியிலேயே ஒடுங்கிவிடும். மாணவர்கள் இதைத் தம் பள்ளித் திடலிலேயே செய்து பார்க்கலாம்.

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியுமே முதுவேனில். கத்திரி வெயில் இளவேனிலில் எரிக்க, முதுவேனில் என்னும் பெயர் அடுத்த இரு மாதங்களுக்கு ஏன் வந்தது என்ற ஐயம் எழலாம். கிழக்குக் கடலோரத்தின் காற்றைக் கவனித்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். ஆனியில் வலுப்பெறும் தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பால் பொழிந்துவிட்டு, இப்பக்கம் உலர்ந்த சூட்டுக் காற்றாக இறங்குகிறது. பகலில் கடலிலிருந்து வரவேண்டிய குளிர்காற்றை அது தடுத்து நிறுத்துகிறது. ஆகவே, கத்திரி முடிந்த பின்னரும் கடலோர மாவட்டங்களில் வெப்பம் தணிவதில்லை.

வெக்கையும் புழுக்கமும்

மேல்காற்று வீசும் நாளின் சூட்டையும் காற்றே இல்லாத நாளின் சூட்டையும் தமிழ் இரு சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. முன்னது வெக்கை, பின்னது புழுக்கம். புழுங்குதல் என்னும் வினையிலிருந்தே புழுங்கல் அரிசியும் பெயர்பெற்றது. நெல் ஆவியில் வேகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மனித உடலும் கிட்டத்தட்ட அந்நிலைக்கு ஆளாகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும் நாட்டில் இச்சொல் மனிதருக்கும் வழங்கியதில் வியப்பில்லை.

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசு. தோல் அதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடல் தன் வெப்பத்தைக் காற்றிடம் இறக்கிவைக்கிறது. வெளிக்காற்று தோலைவிடச் சூடேறிவிட்டால் அவ்வழி அடைபடுகிறது. எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். 30 டிகிரியில் உள்ள எட்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ இவ்வளவு வெப்பம் வேண்டும். ஆனால், இப்பயன் ஆவியாகும் வியர்வைக்கு மட்டுமே உரியது. வழிந்து தரையில் சொட்டும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோகுமே தவிர, குளிர்ச்சி தராது.

வியர்வை ஆவியாவது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. இதை அளக்க, வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைப்பர். துணியின் நீர் ஆவியாகும் அளவிற்கு வெப்பமானி இறங்கும். அவ்வாறு இறங்கி நிற்கும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. உள்நாட்டு ஊர் ஒன்றில் வெப்பம் 41 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு எனக் கொண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரி இருக்கும். கடலோர ஊர் ஒன்றில் வெப்பம் 37 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு எனில் அது ஏறத்தாழ 30 டிகிரியாக உயரும். செய்தியில் முதல் ஊரே ‘வெயில் கொளுத்திய ஊர்’ எனப் பெயர்பெறும்; உடலுக்கு மிகுந்த இடர் தருவது இரண்டாவது ஊர். இந்திய வானிலைத் துறையும் வெப்ப அலையை வரையறுக்கும்போது சமவெளிக்கு 40 டிகிரி எனவும் கடலோரத்திற்கு 37 டிகிரி எனவும் வேறுவேறு தொடக்க அளவுகளை வைத்துள்ளது.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா அமர்ந்திருக்கும் நலமான மனிதரும் சில மணி நேரத்திற்கு மேல் உயிர்தாங்க இயலாது என்று அறிஞர்கள் 2010இல் கணித்தனர். அமெரிக்காவில் நலமுள்ள இளையோரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஈரம் மிகுந்த சூழலில் உடல் தன் வெப்பத்தைச் சமன்செய்ய முடியாமல் தடுமாறத் தொடங்கும் எல்லை அதனினும் தாழ்ந்தது, ஏறத்தாழ 31 டிகிரி என்று காட்டியது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவ்வெல்லை இன்னும் கீழே இருக்கும்.

பானையும் திண்ணையும்

மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்நீரைக் குளிர்விக்கிறது. உடலும் பானையும் ஒரே விதியால் குளிர்கின்றன. புழுக்கமான நாளில் பானைநீரும் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதை வீட்டுப் பெண்கள் நன்கறிவர். படுகையின் பழைய ஓட்டு வீடுகளில் முற்றத்திலிருந்து சூடான காற்று மேலெழ, வாசல் வழியே வேறு காற்று உள்ளே வரும். வாசலின் இருபுறமும் இருந்த திண்ணை, அந்தக் காற்றோட்டத்தில் வழிப்போக்கரும் இளைப்பாறிய இடம். விடியுமுன் வயலில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுவதும், கஞ்சிக் கலயத்தில் நீராகாரம் கொண்டுசெல்வதும் இதே கணக்கின் பகுதிகளே. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடிப்பது போதாது. உப்பிட்ட நீராகாரமும் மோரும் இழந்த இரண்டையும் ஈடுசெய்தன. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இப்பணியையே அளவறிந்து செய்கிறது.

சாலையோர மரமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள், ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத இறுதியில் வேதாரணியம் அடைந்தனர். அது முழுவதும் சித்திரை வெயிலில் நடந்த நடை. தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். அம்மரங்கள் நிழலோடு சோறும் தந்தன.

கூரை மாறியபோது

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி வட்டாரங்களின் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்தது. இழப்பைப் பலரும் காய்களின் கணக்கில் பேசினர். அடுத்த கோடையில்தான் நிழலின் இழப்பு தெரிந்தது. தென்னங்கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும்.

கூரை வீட்டையும் புயல் விட்டுவைக்கவில்லை. தென்னங்கீற்றுக் கூரை, இடையிடையே காற்றைச் சிறைப்பிடித்து வெப்பத்தை உள்ளே விடாமல் காப்பது. ஆனால், அது தீக்கும் புயலுக்கும் எளிதில் இரையாகும். ஆண்டுதோறும் வேயவேண்டிய செலவும் உண்டு. எனவே, குடிசை மாறிக் கான்கிரீட் வீடு வந்ததைக் குறைகூறுவோர், ஒரு மழைக்காலத்தையேனும் ஒழுகும் குடிசையில் கழித்துப் பார்த்தபின் பேசுவதே முறை. அதேவேளையில், கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் உமிழ்கிறது. தகரமும் கல்நார் ஓடும் பகலிலேயே அனலைக் கீழிறக்குகின்றன. பகலில் களைத்த உடல் இரவில்தான் தன் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும். இரவும் வெந்தால், மறுநாள் வேலைக்குச் செல்லும் உடல் முதல்நாள் களைப்போடு செல்கிறது. தளத்தில் வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிப் போகும். மின்விசிறி புழுக்கத்தில் வியர்வையை உலர்த்த உதவும். ஆனால், காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது உடலை மேலும் சூடாக்கும் என உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது.

வெயிலில் நிற்போர்

கோடையிலும் வேலை நிற்பதில்லை. திருவாரூர் மாவட்டத்தில் கோடைப் பருத்தி எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். நூறு நாள் வேலையில் குளம் தூர்வாருவது நீர் வற்றிய இம்மாதங்களில்தான் இயலும். வேதாரணியத்து உப்பளத் தொழிலாளர்க்கோ வெயிலே மூலப்பொருள். பாத்தியில் நீர் விரைந்து ஆவியாகும் நாளே விளைச்சல் நாள். நீரை உப்பாக்கும் வெயிலில் நின்றபடி, தம் உடலின் நீரையும் உப்பையும் அவர்கள் இழக்கின்றனர். வெண்ணிற உப்பு வெயிலை மேல்நோக்கித் திருப்புவதால் முகத்திற்கும் கண்ணிற்கும் இரட்டை வெயில்.

சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இதற்குள் ஒரு சிறு செய்தி புதைந்துள்ளது. பணியிடத்தில் கழிப்பறை இல்லாதபோது பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்னும் அறிவுரை அவ்விடத்தில் செல்லாது. அங்கே முதலில் வேண்டியது ஒரு கதவுள்ள கழிப்பறை. அதே நிறுவனத்தார் கருவுற்ற பெண்கள் 800 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தோர்க்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய இடர்கள் இருமடங்காவதைக் கண்டது.

‘எங்களுக்கு இது பழகிய வெயில்தான்’ என்று உழைப்போர் சொல்வதில் உண்மை உண்டு. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் உழைத்தபின் உடல் விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கக் கற்கிறது. வியர்வையில் உப்பும் குறைகிறது. ஆனால், காற்று வியர்வையை ஏற்க மறுக்கும்போது பழக்கம் உதவாது. பழகாத உடலுக்கு இடர் இன்னும் மிகுதி. தேர்வு முடிந்த கையோடு செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ செல்லும் மாணவர், முதல் சில நாள்கள் அரைப்பொழுதுக்கு மேல் வெயிலில் நிற்காதிருப்பது நன்று.

‘வெயில் தாக்கிவிட்டது’ என்று மக்கள் கூறும் நிலைகளுள் கொடியது வெப்பவாதம். உள்வெப்பம் 40 டிகிரியைக் கடக்க, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறும். அப்போது காத்திருக்கலாகாது. நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறவேண்டும். 108 ஊர்திக்குச் சொல்லவேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும்.

2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர். அந்நகரம் 2013இல் வெப்பத்தைத் தாங்குவதற்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. எனினும், வயலில் மயங்கி விழுந்தவரின் இறப்புக்கு மாரடைப்பு என்று மட்டும் எழுதப்பட்டால், அதன்பின் இருந்த வெயில் பதிவேட்டில் ஏறாது.

2023ஆம் ஆண்டு வெயிலின் கடுமையால் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளின் திறப்பு ஜூன் 12ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதே நாளில்தான். மாணவர்கள் அன்றே வகுப்பறைக்கு வந்துவிட்டனர். அணையில் திறந்த நீர் கல்லணையைக் கடந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்கு வந்துசேர மேலும் பல நாள்கள் ஆகும்; அதுவரை வீசுவது மேல்காற்று.