கயிற்றில் தொங்கிக் கடலோட்டுபவர்கள்

மெர்சிங் என்றதும் நம்மில் பலருக்குத் தியோமான் தீவுக்குப் படகேறும் ஜெட்டிதான் நினைவுக்கு வரும். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓட்டிவந்து, காரை நிறுத்தி, டிக்கெட்டும் ஒரு பொட்டலம் கெரொப்போக் என்னும் மீன் அப்பளமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஊர் நம் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஊருக்கென்று ஒரு கடல் விழா உண்டு. பாட்டு, கடைகள், சாப்பாடு என்று எல்லா விழாவிலும் இருப்பது அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதன் உயிர் கோலேக் என்னும் பாய்மரப் படகுகளின் பந்தயம்.

முதன்முறை பார்ப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: படகுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேல் மல்லாந்து தொங்குகிறார்களே, எதற்கு? கூட்டத்தைக் குஷிப்படுத்தவா? இல்லை. அவர்கள் தொங்காவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். ஏன் கவிழும், கவிழக்கூடிய படகை ஏன் கட்டினார்கள் என்று கேட்டால், அந்தக் கரையின் பிழைப்பையே சொல்லியாக வேண்டும். டீ வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரை முழுவதும் தென்சீனக் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. நவம்பர் வாக்கில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று பிப்ரவரி, மார்ச்வரை அந்தக் கடலைப் புரட்டிப் போடும். நாகப்பட்டினத்தாரும் பருத்தித்துறையாரும் வாடை என்று சொல்வார்களே, அதே காற்றுக் குடும்பம்தான். அந்த மாதங்களில் தீவுப் படகுகள் பெரும்பாலும் ஓடா. சிறு படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிவிட்டு வலை பின்னுவார்கள், பலகை பழுது பார்ப்பார்கள், கடனும் வாங்குவார்கள். காற்று தணிந்து கடல் திறப்பது அவர்களுக்கு ஆண்டு பிறப்பதற்குச் சமம். இந்தக் கரையில் கடல் சார்ந்த கொண்டாட்டங்கள் பருவக்காற்றை ஒட்டியே அமைந்ததற்கு இதுதான் காரணம்.

பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் தினசரிக் காற்று ஆட்சிக்கு வருகிறது. தட்டில் ஊற்றிய டீ சட்டென்று ஆறும், குவளையில் இருப்பது மெல்ல ஆறும் அல்லவா? நிலத்தில் மேல்தோல் மட்டுமே சூடாகிறது, அது தட்டு. கடலில் வெப்பம் ஆழம்வரை கலந்து இறங்குகிறது, அது குவளை. இரவில் நிலம் முந்திக் குளிர்ந்துவிட, காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. பகலில் நிலம் முந்திச் சூடாகிவிட, கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. விடியுமுன் கரைக்காற்றில் பாயை விரித்துப் போகலாம், பிற்பகலில் கடற்காற்றில் திரும்பலாம். போக ஒரு காற்று, வர ஒரு காற்று. கூலியில்லாத இரண்டு வேலையாட்கள்.

ஆனால் திரும்பி வரும்போதுதான் நெருக்கடி. ஐஸ் பெட்டி இல்லாத காலம் அது. பிடித்த மீன் வெயிலில் கிடக்கிறது. கரையில் வியாபாரி நிற்கிறார். முதலில் வந்த படகின் மீனுக்கு ஒரு விலை, எல்லாரும் வந்து குவித்தபின் வேறு விலை. தாமதமாக வந்தவர் கருவாட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆக, கடலிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பிற்பகலும் யாரும் கொடி அசைக்காத ஒரு பந்தயமாகத்தான் இருந்திருக்கிறது. விழாவில் நாம் பார்ப்பது அந்தப் பிற்பகலைத்தான். விளையாட்டுக்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிழைப்பில் இருந்ததை எடுத்து வைத்து, பரிசு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

படகின் உருவமும் இந்த அவசரத்திலிருந்து பிறந்ததுதான். கோலேக் ஒடுக்கமானது, இரண்டு முனையும் கூரானது. எந்தப் பக்கம் அலை வந்தாலும் கிழித்துக்கொண்டு போகும். மணலில் இழுத்தேற்ற வேண்டும் என்பதால் கனம் கூடாது; அடியில் கல்லோ ஈயமோ அடுக்கி நிலைநிறுத்துவதற்கும் வழியில்லை.

இந்தக் கிழக்குக் கரைத் தச்சர்கள் படகு கட்டும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். இதற்குப் பெயர்போன இடம் திரெங்கானுவின் பூலாவ் டூயோங். வரைபடம் கிடையாது. மேலைநாட்டு முறையில் முதலில் விலா எலும்புகள்போல் சட்டம் அமைத்து, அதன்மேல் பலகை அடிப்பார்கள். இவர்கள் பலகையைத்தான் முதலில் எழுப்புகிறார்கள். செங்கால் மரப் பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, மர முளைகளைச் செருகி, கெலாம் மரப் பட்டையை ஒரு நாடாவாக விளிம்பில் வைத்து, அடுத்த பலகையை மேலிருந்து இறக்கித் தட்டி இறுக்குகிறார்கள். தண்ணீர் பட்டதும் பட்டை ஊதிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிடும். ஓடு முழுவதும் உருவான பிறகுதான் உள்ளே சட்டம் பொருத்துவார்கள். வளைவு எங்கே தொடங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதெல்லாம் தச்சரின் கண்ணில்தான் இருக்கிறது. சென்னைக் கரையில் ஒரு காலத்தில் ஓடிய மசூலாப் படகுகளில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஆணியை நம்பாமல் கடலோடு வளைந்துகொடுக்கும் படகு வேண்டும் என்று இரண்டு கரைகளும் யோசித்திருக்கின்றன. எனக்கு இதில் அடங்காத மகிழ்ச்சி.

இப்போது தொங்குபவர்களிடம் வருவோம். ஒடுக்கமான படகு, கனமில்லாத அடி, மேலே பெரிய பாய். பந்தயத்துக்கென்றால் பாய் இன்னும் பெரிது. காற்று பக்கவாட்டில் அடித்தால் பாய் காற்றின் போக்கில் சாய்கிறது. படகும் கூடவே சாய்கிறது. எதிர்ப்பக்கம் பாரம் வேண்டும். இருக்கும் ஒரே பாரம் மனிதர்கள். மனிதர் படகுக்குள் உட்கார்ந்தால் பாரம் நடுவிலேயே நின்றுவிடும். பாய்மரத்து உச்சியிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்து, விளிம்பில் காலை ஊன்றி, உடம்பை வெளியே தள்ளினால் அதே எடைக்குப் பல மடங்கு பிடிமானம் கிடைக்கிறது. காற்று ஏறினால் உடம்பும் வெளியே போக வேண்டும், தணிந்தால் உள்ளே வர வேண்டும். யாரும் உத்தரவு போடுவதில்லை. போட நேரமும் இல்லை. சுக்கான் பிடிப்பவர் ஒருவர், பாய்க்கயிற்றைக் கவனிப்பவர் ஒருவர். இவர்களோடு, குனிந்த தலை நிமிராமல் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருப்பவர் ஒருவர். கரையில் நிற்பவர்கள் கைதட்டுவது தொங்குபவர்களுக்கு. என் கண் போவது அந்த இறைப்பவரிடம். அவர் சற்றுச் சுணங்கினால் மற்றவர்களின் திறமை அத்தனையும் வீண்.

1938இல் இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட்டும் ஜான் விண்டரும் பாய்மரத்துக் கயிற்றில் தொங்கி ஒரு பெரிய போட்டியை வென்றார்கள். உடனே அப்படித் தொங்குவதற்குத் தடை வந்தது. பின்னாளில் உலகப் போட்டிகளிலெல்லாம் அந்த முறை இடம்பிடித்தது. அது நடப்பதற்கு வெகுகாலம் முன்பே மலாய்க் கடலோடிகள் கோலேக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கோப்பைக்காகத் தொங்கவில்லை, விலைபோகிற மீனுக்காகத் தொங்கினார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு உறவு உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி, நம்புதாளைக் கரைகளில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். பாக் நீரிணைப் படகுகளில் குறுக்கே ஒரு நீளப் பலகை வைத்து, காற்று வரும் பக்கம் அதை வெளியே நீட்டி, ஆட்கள் அதன்மேல் போய் உட்காருவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் எழுதிய இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இந்தப் பலகையை விவரித்திருக்கிறார். மெர்சிங்கில் கயிறு, தொண்டியில் பலகை. கணக்கு ஒன்றுதான்.

பந்தயத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றோடு ஓடும் பகுதி அழகு. ஆனால் அங்கே பெரிய வித்தை இல்லை. காற்றை எதிர்த்து ஏறும் பகுதியைப் பாருங்கள். காற்று வரும் திசையில் எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போகாது. ஒரு பக்கம் சாய்வாக ஓடி, திரும்பி, மறுபக்கம் சாய்வாக ஓடி, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் மறுபக்கம் மாறும். தொங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே பாய்ந்து, பாய்க்கழிக்கு அடியில் குனிந்து, எதிர்விளிம்பில் மறுபடி கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் படகு தள்ளாடும், இருவர் பிந்தினால் எல்லாரும் தண்ணீரில். மிதவையைச் சுற்றும் இடத்தில்தான் குழுக்களின் தராதரம் தெரியும்.

இந்தப் பந்தயம் மெர்சிங்கோடு நிற்கிற சங்கதியும் அல்ல. சிங்கப்பூரில் 1830களிலேயே தொடங்கிய புத்தாண்டுப் படகுப் போட்டிகளில் அங்குள்ள நீரிணையைச் சுற்றியிருந்த மலாய்க் கடலோடிகளின் படகுகள் ஓடின. ரியாவ் தீவுகளில், பாத்தாமுக்கு எதிரேயுள்ள பெலாக்காங் பாடாங்கில், இன்றும் கோலேக்கின் சகோதரப் படகுகள் பந்தயத்தில் ஓடுகின்றன. ஆளே ஏறாத ஜோங் என்னும் சிறு பாய்ப்படகுகளைக் காற்றில் விட்டு ஓடச்செய்யும் போட்டியும் அதே கடலில் உண்டு. எல்லைக்கோடுகள் வருமுன் இது ஒரே மக்கள் புழங்கிய ஒரே கடல்.

கைவிடப்பட்டவையும் இருக்கின்றன. கிளந்தான், திரெங்கானு கரைகளில் பருவத் தொடக்கத்தில் கடலுக்குப் பூசை போட்டு, நிழற்கூத்தும் ஆட்டமுமாக நாள்கணக்கில் கொண்டாடிய வழக்கம் இருந்தது. மார்க்க அறிஞர்கள் ஏற்காததால் அது மறைந்தது. அந்த ஊராரின் நம்பிக்கை சார்ந்த முடிவு அது. நான் அதற்குள் போகவில்லை. பூசை போனபின் மலாய்க் கரையில் மீனவ வாழ்வைப் பொதுவெளியில் கொண்டாடுவதற்குப் பந்தயத்தைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

பாயை ஒழித்தது எஞ்சின். மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் 1939, 40இல் கிளந்தானின் பெருப்போக் என்னும் மீனவ ஊரில் தங்கி ஆராய்ந்தபோது அங்கே கடல் முழுவதும் பாய். 1963இல் திரும்பிப் போனபோது எஞ்சின் படகுகள் இடம்பிடித்திருந்தன. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம். அதில் யாரையும் குறைசொல்ல முடியாது. எஞ்சின் வந்ததால் கரைசேர்ந்த உயிர்கள் எத்தனையோ. ஆனால் பாயோடு சேர்ந்து வேறு பலவும் போயின. அந்தக் கரையில் ஜூரு செலாம் என்று ஒருவர் இருப்பார். தண்ணீருக்குள் தலையை முக்கி, மீன் கூட்டம் எழுப்பும் ஒலியைக் காதால் கேட்டு, வலையை எங்கே இறக்குவது என்று சொல்பவர். படகின் வருமானத்தில் அவருக்குத் தனிப் பங்கு உண்டு. எஞ்சின் இரைச்சலும் புதிய வலைகளும் வந்தபின் அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கேட்டுப் பழகியவர்கள் போனபின், அந்தக் கலையை ஏட்டைப் பார்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கோலேக்குக்கு அந்தக் கதி வராமல் தடுத்துக்கொண்டிருப்பது பந்தயம் ஒன்றுதான். இன்று யாரும் பாய்மரத்தில் மீன்பிடிக்கப் போவதில்லை. பந்தயம் இருப்பதால்தான் ஓர் இளைஞன் கயிற்றில் தொங்கப் பழகுகிறான். காற்று எப்போது திரும்பும் என்று கடல்மேல் ஓடும் கருநிறத்தைப் பார்த்துச் சொல்லக் கற்கிறான். பந்தயம் இருப்பதால்தான் ஒரு தச்சருக்குப் புதிதாகப் படகு கட்டவோ பழையதைச் செப்பனிடவோ ஆள் வருகிறது. ஆகவே இதைச் சுற்றுலா நிகழ்ச்சி என்று மட்டும் பார்த்தால் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும்தான் பணம் போகும். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் பணம் போகவேண்டிய இடமே வேறு.

எனக்கு இரண்டு ஆசைகள் உண்டு. விழா நடத்துபவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காதில் விழட்டும். செங்கால் மரம் விலையேறிக் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கண்ணாடியிழைப் படகு மலிவு, இலேசு, வேகமும் கூட. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் மரப்படகு தோற்கும். தோற்றால் யாரும் கட்ட மாட்டார்கள். மரப்படகுக்குத் தனிப் பிரிவு வேண்டும், அதற்குப் பெரிய பரிசும் வேண்டும். இரண்டாவது, கோப்பை வாங்க ஓட்டியவர்கள் ஏறும்போது படகைக் கட்டிய தச்சரையும் மேடைக்கு அழைத்து, அவர் பெயரைச் சொல்லி, பரிசில் ஒரு பங்கை அவர் கையில் கொடுக்க வேண்டும். பழைய நாளில் ஜூரு செலாமுக்குப் பங்கு வைத்த கரைதானே அது.

அடுத்த முறை தியோமானுக்குப் போகும்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுமுகம் ஆழம் குறைந்தது. நீர் ஏற்றத்தைப் பார்த்துத்தான் தீவுப் படகுகள் புறப்படும், எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் நடந்து போய், இந்த ஆண்டு கோலேக் பந்தயம் எப்போது என்று மீனவர் யாரையாவது விசாரியுங்கள். "பாக் சிக்" என்று மரியாதையாக ஆரம்பித்தால் போதும், தேதியோடு சேர்த்துப் போன முறை யார் கவிழ்ந்தார், ஏன் கவிழ்ந்தார் என்பதுவரை சொல்லித்தான் உங்களை அனுப்புவார்.