1903 கோலாலம்பூர் தர்பார்: அண்டை மாநிலத்துக்கு வந்த சுல்தான் என்ன சொன்னார்?

கரும்பலகையில் ‘தர்பார்’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு மாணவர் ராகம் என்பார். இன்னொருவர் ரஜினி படம் என்பார். வீட்டுப் பாட்டிகளுக்கு அது “என்ன பெரிய தர்பார் நடத்துற?” என்று அதட்டும் சொல். மூன்றும் சரிதான். ஆனால் நம் நாட்டு வரலாற்றுப் பாடத்தில் வரும் தர்பார் வேறு. மலாய் சுல்தான்கள் தங்கள் மாநிலத்தை விட்டு அண்டை மாநிலத்துக்கு வந்து ஒன்றாக உட்கார்ந்த கூட்டம் அது. காலனி ஆட்சியின் தொடக்கக் காலத்தில் இப்படி இரண்டு கூட்டங்கள் நடந்தன: 1897 ஜூலையில் கோலகங்சாரில், 1903 ஜூலையில் கோலாலம்பூரில்.

சொல்லை முதலில் பார்த்துவிடுவோம், நாம் தமிழாசிரியர்கள் இல்லையா. ‘தர்பார்’ பாரசீகச் சொல். ஆற்காட்டு நவாபுகள், தஞ்சை மராட்டியர் காலத்தில் தமிழிலும் நன்றாகப் புழங்கியது. தஞ்சை அரண்மனையில் தர்பார் மண்டபம் இன்றும் இருக்கிறது. மலாய் அரசவைக்கு ‘பாலாய்’ என்ற சொல் முன்பே இருந்தது. அதை விட்டுவிட்டு, இந்தியாவில் பழகிய சொல்லை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1877இல் டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தது ஒரு தர்பார். 1903 ஜனவரி 1ஆம் தேதி ஏழாம் எட்வர்டுக்காகக் கர்சன் பிரபு நடத்தியது இன்னொரு தர்பார். அதற்கு ஆறே மாதம் கழித்துத்தான் கோலாலம்பூர் கூட்டம். சொல் வந்த வழியைப் பார்த்தாலே எந்தக் கண்ணால் சுல்தான்களைப் பார்த்தார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இனிப் பின்னணி. 1895இல் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆட்சியாளர்களிடமும் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் வாங்கினார். 1896இல் மலாய்க் கூட்டரசு மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. கோலாலம்பூர் தலைநகர், சுவெட்டன்ஹாமே முதல் தலைமை ரெசிடென்ட். ஒரு மாநிலத்துக்குக் கஷ்டம் வந்தால் மற்றவை ஆளும் பணமும் கொடுத்து உதவ வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. டத்தோ பஹாமான் எழுச்சிக்குப் பிறகு பகாங் கடனில் இருந்தது, பேராக்கும் சிலாங்கூரும் ஈயத்தால் செழித்திருந்தன. அதனால் யார் யாருக்கு உதவப் போகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இன்னொரு வரியும் இருந்தது. ஒவ்வோர் ஆட்சியாளருக்கும் அவர் மாநிலத்தில் அப்போது இருந்த அதிகாரம் இந்த ஒப்பந்தத்தால் குறையாது என்பது அதன் சாரம்.

1897 கூட்டத்தில் நான்கு ஆட்சியாளர்களும் கோலகங்சாருக்கு வந்தார்கள். ஆளுநர் சர் சார்ல்ஸ் மிட்செலும் வந்திருந்தார். சிலாங்கூரின் முதிய சுல்தான் அப்துல் சமாட் வந்தது பெரிய விஷயம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார். நம் மாணவர்கள் மெர்டேக்கா சதுக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளும் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். 1897இல் அது கட்டி முடிக்கப்பட்ட புதுசு, வெறும் அரசாங்க அலுவலகம். கோலகங்சார் பேராக்கின் அரச நகரம் என்பதால், அங்கே பேராக் சுல்தான் இட்ரிஸ் வீட்டுக்காரர், மற்ற மூவரும் விருந்தாளிகள்.

1903இல் நிலைமை மாறியது. இப்போது இட்ரிஸ் விருந்தாளி. யாருக்கு விருந்தாளி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கோலாலம்பூர் சிலாங்கூர் மண். ஆனால் சிலாங்கூர் அரச குடும்பத்தின் ஊர்கள் ஜுக்ராவும் கிள்ளானும். அப்துல் சமாட்டின் பேரன் சுல்தான் சுலைமான் கோலாலம்பூரில் இருந்து ஆளவில்லை. ரெசிடென்ட், தலைமை ரெசிடென்ட், ரயில்வே, பொதுப்பணி, கருவூலம் எல்லாம் கோலாலம்பூரில். அதாவது, பக்கத்து மாநிலத்துக்கு வந்த சுல்தானை உண்மையில் வரவேற்றது பக்கத்து மாநிலத்துச் சுல்தான் அல்ல. மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர், விருந்து வைப்பவர் இன்னொருவர்!

அந்தக் கூட்டத்தில் இட்ரிஸ் பேசினார். ஆங்கிலேயரோடு நெருக்கமானவர், பட்டங்கள் பெற்றவர், சண்டைக்காரர் அல்ல. அப்படிப்பட்டவர், நான்கு மாநிலங்களை ஒன்றாக்கியதன் பொருள் தனக்குத் தெளிவாக விளங்கவில்லை என்றார். ஒவ்வொரு மாநிலத்தின் காரியங்களையும் அந்தந்த மாநில அதிகாரிகளே கவனிக்க வேண்டும், அரசுகள் தனித்தனியாக நிற்க வேண்டும் என்று விரும்பினார். ஒரு கப்பலுக்கு இரண்டு தலைவர்கள் ஆகாது என்ற மலாய்ப் பழமொழியை எடுத்துக் காட்டி, அதேபோல் ஒரு நாட்டுக்கு நான்கு அரசர்களும் ஆகாது என்று சேர்த்துக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சில் ஒரே உறையில் இரண்டு கத்தி.

இந்தப் பழமொழியைக் கொஞ்சம் நின்று படிக்கச் சொல்லுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு சுல்தான்களைக் குறை சொல்வது போல இருக்கும். உண்மையில் குறி வேறு இடத்தில். நான்கு கப்பலை ஒன்றாகக் கட்டிவிட்டால் நான்கு தலைவர்களுக்கும் வேலை இருக்காது, சுக்கான் வேறொருவர் கையில்தான் இருக்கும் என்பதுதான் அவர் சொன்னது. எதிரில் உட்கார்ந்திருந்த சுவெட்டன்ஹாம் அப்போது உயர் ஆணையர். யார் பெயரையும் சொல்லாமல், வந்த இடத்தில் மரியாதை குறையாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். மறைமுகப் பொருளுக்கு எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பலன்? உடனே ஒன்றும் இல்லை. தர்பார் ஆலோசனைக் கூட்டம்தான், சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. 1909இல் வந்த கூட்டரசு மன்றத்தில் அதிகாரம் இன்னும் ஓரிடத்தில் குவிந்தது. தலைவர் உயர் ஆணையர். சுல்தான்கள் மற்ற உறுப்பினர்களோடு உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள், தடுப்பதிகாரம் இல்லாமல். அதன் முதல் கூட்டம் நடந்ததும் இட்ரிஸின் கோலகங்சாரில்தான்.

இதில் நமக்கு என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அதிகாரம் கோலாலம்பூரில் குவிந்ததால்தான் ரயில்வேயும் பொதுப்பணியும் அங்கே பெருத்தன. அந்த இலாகாக்களுக்குக் கிராணிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள், கூலியாட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் எழுந்தது அப்படித்தான். சுல்தான் இட்ரிஸை உறுத்திய அதே ஏற்பாடு நம் முன்னோருக்குச் சோறு போட்டது. இரண்டும் உண்மை. கட்டுரையில் இரண்டையும் எழுதுகிற மாணவருக்கு நான் தயங்காமல் கூடுதல் புள்ளி கொடுப்பேன்.

தேர்வு எழுதுபவர்கள் மூன்று ஆண்டுகளைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. 1895 ஒப்பந்தம், 1897 முதல் தர்பார், 1909 கூட்டரசு மன்றம். முதலாவது கூட்டரசுக்கு அடித்தளம், இரண்டாவது பேசும் இடம், மூன்றாவது சட்டம் போடும் இடம். 1927இல் சுல்தான்கள் கூட்டரசு மன்றத்திலிருந்து விலகித் தங்களுக்கெனத் தனியாகத் தர்பார் கூடத் தொடங்கினார்கள். 1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தில் அது ஆட்சியாளர் மன்றம் ஆனது. இன்று அரசியலமைப்பின் 38ஆவது பிரிவு அதைப் பற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுப்பது அந்த மன்றம்தான்.