சாட்சி சொல்ல முடியாத பிரஜைகள்

1770 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையிலுள்ள ஒரு சிறு தீவில் ஜேம்ஸ் குக் பிரிட்டிஷ் கொடியை ஏற்றி, கிழக்குக் கரை முழுவதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு உரியது என்று அறிவித்தார். அங்குள்ள மக்களின் சம்மதத்தோடுதான் இடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்டிருந்த ரகசிய உத்தரவு. சம்மதம் யாரிடமும் கேட்கப்படவில்லை. 1788-ல் கைதிகளைக் கப்பலேற்றிவந்து சிட்னியில் குடியேற்றம் அமைத்த ஆளுநர் ஆர்தர் பிலிப்புக்கும் பூர்வகுடிகளிடம் நட்போடும் அன்போடும் நடக்கச் சொல்லித்தான் உத்தரவு. நிலத்துக்காக மட்டும் அவர்களோடு உடன்படிக்கை எதுவும் போடப்படவில்லை.

போரில் வென்ற நாட்டிலும், உடன்படிக்கையால் கிடைத்த நாட்டிலும் ஏற்கனவே இருந்த சட்டங்கள், மன்னர் மாற்றும்வரை தொடரும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. ஆளில்லாத இடத்தில் குடியேறினால் ஆங்கிலேயரோடு ஆங்கிலச் சட்டமும் கரையிறங்கிவிடும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த ஆஸ்திரேலியாவை மூன்றாவது வகையில் சேர்த்ததுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் வேர்.

1835-ல் ஜான் பேட்மேன் என்பவர் இன்றைய மெல்போர்ன் பகுதியில் குலின் மக்களின் பெரியவர்களுக்குக் கம்பளி, கத்தி, கோடரி, மாவு கொடுத்து ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கரை வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதினார். ஆளுநர் ரிச்சர்ட் பர்க் அது செல்லாது என்று அறிவித்தார். பேட்மேன் செய்தது அப்பட்டமான ஏமாற்றுதான். ஆனால், விற்றவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பதற்காக ஆளுநர் பத்திரத்தை ரத்து செய்யவில்லை. நிலம் அரசுடையது, அதை விற்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அடுத்த ஆண்டே முரெல் வழக்கு வந்தது. முரெல் என்ற பூர்வகுடி இன்னொரு பூர்வகுடியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. எங்கள் வழக்கப்படி எங்களுக்குள் தீர்த்துக்கொள்வோம், ஆங்கிலச் சட்டம் எங்களைக் கட்டாது என்பது எதிர்த்தரப்பு வாதம். 1829-ல் இதே போன்ற ஒரு வழக்கில் நீதிமன்றம் தலையிட மறுத்திருந்தது. இம்முறை நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளும் மன்னரின் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்று தீர்ப்பளித்தது.

சட்டத்துக்கு உட்பட்டவர்கள் ஆனார்கள். அதே சட்டத்தின் முன் வாய் திறக்க முடியவில்லை. சாட்சி சொல்பவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். கிறிஸ்தவர் அல்லாத பூர்வகுடிகளுக்குச் சத்தியத்தின் பொருள் தெரியாது என்று கருதி நீதிமன்றங்கள் அவர்களின் சாட்சியத்தை ஏற்கவில்லை.

இதன் விளைவு 1838-ல் மயால் கிரீக்கில் அம்பலமானது. ஜூன் 10 அன்று அந்த மேய்ச்சல் பண்ணையில் தங்கியிருந்த விராயராய் மக்களில் குறைந்தது 28 பேரைக் குதிரையில் வந்த பண்ணையாட்கள் கட்டி இழுத்துச்சென்று கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பண்ணையில் வேலைசெய்த டேவி என்ற பூர்வகுடிக்கு நடந்தது தெரியும். அவரை நீதிமன்றம் கேட்கவில்லை. பண்ணையில் இருந்த வெள்ளைக் கைதி ஒருவர் சாட்சி சொன்னதால்தான் வழக்கே நடந்தது. முதல் விசாரணையில் குற்றம்சாட்டப்பட்ட 11 பேரும் விடுதலை. அட்டர்னி ஜெனரல் ஜான் பிளங்கெட் விடவில்லை. ஒரு குழந்தையின் கொலையை வைத்து மறு விசாரணை நடத்தி 7 பேருக்குத் தண்டனை வாங்கினார். டிசம்பர் 18 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மீதி 4 பேர்மீது வழக்கு நடத்த டேவியின் சாட்சியம் தேவைப்பட்டது. அது கிடைக்காமல் அவர்கள் வெளியே வந்தார்கள். சத்தியம் இல்லாமலே பூர்வகுடிகள் சாட்சி சொல்ல நியூ சவுத் வேல்ஸில் வழி பிறந்தது 1876-ல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சட்டத்தின் மொழி மாறியது. இப்போது அதன் பெயர் ‘பாதுகாப்பு’. விக்டோரியாவின் 1869-ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிகள் எங்கே வசிப்பது, யாரிடம் வேலைசெய்வது, கூலியை என்ன செய்வது, பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதையெல்லாம் ஒரு வாரியத்தின் கையில் கொடுத்தது. 1886-ல் வந்த சட்டம், கலப்புப் பிறப்பினரில் 34 வயதுக்கு உட்பட்டவர்களை அரசு நிலையங்களிலிருந்து வெளியேற்றியது. கோரன்டெர்க் என்ற இடத்தில் ஹாப்ஸ் பயிரிட்டுத் தலைநிமிர்ந்து வாழ்ந்த சமூகம், உழைக்கும் வயதினரை இழந்து தளர்ந்தது. அங்கே வில்லியம் பராக் தலைமையில் மக்கள் அரசுக்கு மனு மேல் மனு எழுதிப் போராடியிருந்தார்கள்.

குயின்ஸ்லாந்தின் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே அபின் விற்பனைத் தடையும் இருந்தது. கூலிக்குப் பதில் அபின் கசடைக் கொடுத்து வேலைவாங்கிய கொடுமை நிஜம்தான். தடுக்க வேண்டும் என்ற எண்ணமும் நிஜம். ஆனால் அந்தத் தலைப்பின்கீழ் வந்த அதிகாரங்கள் அபினோடு நிற்கவில்லை. அமைச்சர் உத்தரவிட்டால் போதும், விசாரணையின்றி யாரையும் சொந்த ஊரிலிருந்து பெயர்த்து ஒதுக்கிடத்துக்கு அனுப்பலாம். வேலைக்கு அமர்த்த அனுமதிச்சீட்டு வேண்டும். 1901-ல், பூர்வகுடிப் பெண் வெளியாளை மணக்கவும் அனுமதி தேவை என்றாயிற்று. உள்ளூர்ப் போலீஸ்காரரே பல இடங்களில் ‘பாதுகாவலர்’. கூலியின் பெரும்பகுதி அவர் கையாளும் கணக்குக்குப் போனது. உழைத்தவர் தன் பணத்தைத் தானே எடுக்க அவரிடம் கேட்டு நிற்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியா இந்த முறையை 1905-ல் பின்பற்றி, 16 வயது வரையுள்ள பூர்வகுடிப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பாதுகாவலரையே சட்டப்படியான காப்பாளர் ஆக்கியது. பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அப்படித்தான். நியூ சவுத் வேல்ஸில் 1915-க்குப் பிறகு பிள்ளையைப் பிரிக்க நீதிமன்ற ஆணையும் வேண்டியதில்லை. 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்று முதல் மூன்றுக்கு ஒன்று வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக 1997-ல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்று அவர்கள் அழைக்கப்படுகிறார்கள்.

1902-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளோடு ஆசியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் சேர்த்தே ஒதுக்கியது. ஏற்கனவே மாநிலத்தில் வாக்கு பெற்றிருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. இந்தியர்களுக்காக வாதாட 1922-ல் அங்கே பயணம் போனவர் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி. 1925-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வாக்கு கிடைத்தது. அந்த மண்ணின் மக்கள் எல்லோருக்கும் தேசியத் தேர்தலில் வாக்குரிமை கிடைக்க 1962 ஆனது.

நிலம் பற்றிய பழைய கோட்பாட்டை 1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் தள்ளியது. டாரஸ் நீரிணையின் மர்ரே தீவுக்காரர்கள் தொடுத்த வழக்கு அது. முன்னின்று நடத்திய எடி மாபோ தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். பாதுகாப்புச் சட்டங்களின்கீழ் பிடித்துவைக்கப்பட்ட கூலிக்கான கூட்டு வழக்கில் 190 மில்லியன் டாலர் கொடுக்க 2019-ல் குயின்ஸ்லாந்து அரசு ஒப்புக்கொண்டது. அதற்குள் உழைத்தவர்களில் பலர் இறந்துபோயிருந்ததால், அவர்கள் பங்கைப் பெறப் பிள்ளைகளும் பேரர்களும் விண்ணப்பித்தார்கள்.