முதலில் அடுப்பு, பிறகு சபை

திருவிழா வந்துவிட்டால் நம் தோட்டத்து மக்களின் கை தாராளமாகிவிடும். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளி. ஆனாலும் கோயில் வரி என்றால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். "சாமி காரியம், இல்லேன்னு சொல்லலாமா?" என்பார்கள். அந்த நல்ல மனதைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் ஒரு தோட்டத்தில் நாம் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்னதானம் முடிந்த நேரம். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டவர்கள்! கடைசி லயத்துப் பக்கம் போனோம். கால் விளங்காத பாட்டி ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டாச்சா பாட்டி?"

"இல்லய்யா. கோயிலு மணி கேட்டுச்சு, இங்கேருந்தே கும்பிட்டுக்கிட்டேன். நடக்க முடியல. யாரும் இந்தப் பக்கம் வரல."

ஓடிப்போய் அண்டாவின் அடியில் மிஞ்சியதை ஒரு மங்கில் வாங்கி வந்து கொடுத்தோம். சோறு ஆறிப்போயிருந்தது.

தோழர்களே, பக்தியில் நமக்குக் குறைவில்லை. அந்தப் பக்தி யாரைத் தேடிப் போகிறது என்பதே கேள்வி.

இராமலிங்க வள்ளலாரை நாம் அறிவோம். வடலூரில் 1867 மே 23 அன்று அவர் தருமசாலையைத் தொடங்கினார். அதற்கு ஏறக்குறைய 80 காணி நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து ஊர்மக்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை திறக்கப்பட்டதோ 1872 சனவரியில்தான். முதலில் அடுப்பு, ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்துத்தான் சபை! பசி தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்று நம்பியவர் வேறு எப்படிச் செய்வார்?

நம் மலாய் அண்டை வீட்டாரையும் பாருங்கள். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே பித்ரா கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். பெருநாளன்று ஏழையும் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா? ஜக்காத்து யார் யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினரைக் குர்ஆன் சொல்கிறது. அதில் ஏழையும் உண்டு, கடன்பட்டவனும் உண்டு, வழிப்போக்கனும் உண்டு.

கோயில் கமிட்டியாருக்கு நம் வேண்டுகோள் இரண்டே இரண்டு.

ஒன்று: பூசை முடிந்ததும், முதல் பந்திக்கு இலை போடுவதற்கு முன், இளைஞர்கள் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து லயம் லயமாக அனுப்புங்கள். நோயாளிக்கும், நடக்க முடியாத முதியோருக்கும், பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் சோறு போகட்டும்.

இரண்டு: வசூலில் ஒரு பங்கை எடுத்துவைத்து, பள்ளிப் பிள்ளைகளின் காலணிக்கும் புத்தகப் பைக்கும் கொடுங்கள். கணக்கை எல்லாரும் கேட்கப் படியுங்கள்.

அடுத்த திருவிழாவில் அந்தப் பாட்டிக்குச் சோறு சூடாகப் போகட்டும்.