சர்வோ ஆம்ப்ளிஃபயருக்கு எனேபிள் கம்பி இணைக்கும் முறை

கணிப்பொறியின் ஆணைப்படி இயங்கும் கடைசல், மில்லிங் யந்திரங்களில் மேசையையும் வெட்டுக் கருவியையும் நகர்த்துவது சர்வோ மோட்டார் ஆகும். அம்மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை அளந்து தருவது சர்வோ ஆம்ப்ளிஃபயர். எவ்விடத்திற்கு, எவ்வேகத்தில் செல்ல வேண்டும் என்று கணக்கிட்டு ஆணையிடுவது மோஷன் கண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி. இவற்றை இணைக்கும் பல கம்பிகளுள் எனேபிள் கம்பியும் ஒன்று. அது மெல்லியதே, எனினும் யந்திரத்தினருகே நிற்பவருடைய கைவிரல்களின் நலம் அதனைப் பொறுத்துள்ளது.

எனேபிள் முனையில் குறிப்பு, பெரும்பாலும் 24 வோல்ட், கிடைத்தால்தான் ஆம்ப்ளிஃபயர் மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும். குறிப்பு நீங்கினால் மோட்டார் விசையற்றுப் போகும். ‘வேக ஆணையைச் சுழியாக்கினால் போதாதா?’ என்று மாணவர் வினவக்கூடும். போதாது. வேக ஆணை 10 வோல்ட் வரை நேராகவும் எதிராகவும் மாறும் மின்னழுத்தமாக வருமிடத்து, ஆணை சுழியாயிருப்பினும் சிறு பிழையழுத்தம் எஞ்சி நிற்கும். அதனால் மோட்டார் மெல்ல ஊர்ந்துகொண்டேயிருக்கலாம்.

முதல் விதி இது: குறிப்பு இருந்தால் இயக்கம், இல்லாவிடில் நிறுத்தம். கம்பி அறுந்தாலும், திருகு தளர்ந்தாலும், ஃபியூஸ் எரிந்தாலும், கட்டுப்பாட்டுக் கருவியே செயலிழந்தாலும் விளைவு நிறுத்தமாகவே இருத்தல் வேண்டும். இதற்கு நேர்மாறாக அமைத்துக்கொள்ளவும் சில ஆம்ப்ளிஃபயர்கள் இடந்தரும். அவ்வமைப்பில் அறுந்த கம்பியே இயக்க அனுமதியாகிவிடுமாதலால், அதனைத் தேர்ந்துகொள்ளலாகாது.

இரண்டாவது, மின்சாரம் எத்திசையில் வருகிறது என்பது. கட்டுப்பாட்டுக் கருவி 24 வோல்ட்டை அனுப்பி எனேபிள் முனைக்கு ஊட்டுவது ஒரு முறை. எனேபிள் முனைக்கு 24 வோல்ட்டை நிலையாக இணைத்து, மறுமுனையைக் கட்டுப்பாட்டுக் கருவி சுழி வோல்ட்டுடன் சேர்ப்பது மற்றொரு முறை. நல்ல நிலையில் இரண்டும் ஒரே பயனைத் தரும். பழுதின்போதுதான் வேற்றுமை வெளிப்படும். வழக்கம்போல் சுழி வோல்ட் யந்திர உடலோடு இணைக்கப்பட்டுள்ளதென்று கொள்வோம். உறை தேய்ந்த எனேபிள் கம்பி உடலைத் தொட்டால், முதல் முறையில் 24 வோல்ட் உடலுக்குப் பாய்ந்து ஃபியூஸ் எரியும், மோட்டார் நிற்கும். இரண்டாம் முறையிலோ, கம்பி உடலைத் தொட்டதே கட்டுப்பாட்டுக் கருவியின் ஆணைபோலாகி, ஆம்ப்ளிஃபயர் தானே உயிர்பெறும். ஆதலின் முதல் முறையே மேற்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, கருவி தொடங்கும் வேளை. கணிப்பொறியின் பாரலல் போர்ட் வழியாகக் கட்டுப்படுத்தும் யந்திரங்களில், நிரல் ஓடத் தொடங்குமுன்னரே போர்ட்டின் முனைகள் உயர்நிலைக்குச் செல்வதுண்டு. அவ்வளவில் மோட்டார் இயங்கிவிடலாம். இதனைத் தடுக்க, நிரல் இடைவிடாது அனுப்பும் துடிப்புகளை உணர்ந்து, அவை வரும்வரை மட்டும் ரிலேயை மூடிவைக்கும் சுற்று ஒன்றைச் சேர்ப்பர். இதற்குச் சார்ஜ் பம்ப் என்று பெயர். நிரல் உறைந்து நின்றால் துடிப்பு நிற்கும், ரிலே திறந்துகொள்ளும்.

நான்காவது, அவசர நிறுத்தப் பொத்தான். இது நிரலுக்குச் செய்தி சொல்வதோடு அமையாது, நிரலின் உதவியின்றியே மோட்டாரின் விசையை நீக்க வல்லதாயிருத்தல் வேண்டும். சாதாரண எனேபிள் முனை இதற்கெனச் சான்றளிக்கப்பட்டதன்று. இதற்காகவே பல ஆம்ப்ளிஃபயர்களில் எஸ்.டி.ஓ. என்னும் தனி முனைகள் உள்ளன. 2007-ல் முதன்முதலாக வெளியான ஐ.இ.சி. 61800-5-2 என்னும் சர்வதேசத் தரநூல் இதனை வரையறுக்கிறது. எனினும் எஸ்.டி.ஓ. விசையை நீக்குமேயன்றி மின்சாரத்தைத் துண்டிக்காது. பழுது பார்ப்பவர் மெயின் ஸ்விட்சைத் திறந்து பூட்டி, ஆம்ப்ளிஃபயரின் மின்தேக்கிகள் வெறுமையாவதற்கு அதன் பலகையில் குறித்துள்ள நேரம் வரை காத்திருந்து, மீட்டரால் அளந்தறிந்த பின்னரே கைவைக்க வேண்டும். செங்குத்தாக ஏறியிறங்கும் பகுதி விசை நீங்கியதும் தன் எடையால் விழுமாதலால், அதற்குத் தனிப் பிரேக் இன்றியமையாதது.

இணைப்பு முடிந்ததும் சோதனை செய்தல் வேண்டும். மோட்டாரை யந்திரத்தினின்று கழற்றி, அசையாதபடி பிணைத்து வைத்து, எனேபிள் கொடுக்க. பின்னர் எனேபிள் செருகியைக் கழற்றுதல், கட்டுப்பாட்டுக் கருவியின் மின்சாரத்தை நிறுத்துதல், அவசரப் பொத்தானை அழுத்துதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து பார்க்க. ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரின் இயக்க விளக்கு அணைய வேண்டும். காரணத்தைச் சரிசெய்த மாத்திரத்தில் மோட்டார் தானே தொடங்கலாகாது. ஒருவர் வேண்டுமென்றே மீண்டும் ஆணையிட்ட பின்னரே தொடங்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினும் அந்த யந்திரத்தை வேலைக்கு விடலாகாது.