சுருதிக்கு அடங்காத தப்பு

இலங்கையில் கடுகண்ணாவைக் கணவாய் ஏறிக் கண்டிப் பக்கம் போனால், மலைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்துக் காலம். ஆட்டம் தொடங்குமுன் தப்புக்காரர்கள் தீ மூட்டித் தப்பு என்னும் பறையைக் காய்ச்சுவார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கு அது சடங்காகத் தெரியலாம். உண்மையில், இரவுப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும், சூட்டில் காய்ந்ததும் சுருங்கப் பார்க்கும், மரச்சட்டம் விடாது. இழுவிசை ஏறிவிடும். அது நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. காய்ச்சாத தப்பு ‘தொப்’பென்று அடங்கும். காய்ச்சியதோ லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசி வீடுவரை கேட்கும்.

ஆனால் அது எந்தச் சுரம்? எதுவுமில்லை. தந்தியில் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தைப்போல் 2, 3, 4 மடங்காக வரும். அதனால் காது ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சீரான வட்டத் தோலில் அவை சுமார் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று தாறுமாறாக வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கரும்பசையைப் பூசுவது இந்த ஒழுங்கீனத்தைச் சரிசெய்யத்தான் என்று 1920இல் சி. வி. ராமன் விளக்கினார். தப்புக்குக் கரணை கிடையாது.

கூட்டமாகப் பாடுவோருக்கு அது குறையல்ல, வசதி. கூத்தில் காமனை இழந்த ரதியின் புலம்பலை எடுப்பவர் தன் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் எடுக்கலாம். தப்பு குறுக்கே வராது. அடி மாறினால் அடுத்து என்ன என்பது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும். வேலைக்கு அழைக்கும் பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று தப்பைக் கேட்டே வளர்ந்த காதுகள் அவை. பாட்டு ஏடு எதற்கு?

ஏட்டைக் கையில் கொடுத்தே, இசை படிக்காதவர்களைக் கூட்டமாகப் பாடவைத்தவர்களும் உண்டு. 1801 வாக்கில் அமெரிக்காவில், இசை படிக்காத திருச்சபை மக்களுக்காகச் சுரங்களை வடிவங்களாக அச்சிட்டார்கள். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. ஏழு சுரத்துக்கு நான்கு வடிவம் எப்படிப் போதும்? சங்கராபரணத்தைப் பாடிப் பாருங்கள். ச-ரி-க ஏறும் அதே இடைவெளியில்தான் ம-ப-த ஏறுகிறது. ஆகவே ச, ம இரண்டும் முக்கோணம். ரி, ப வட்டம். க, த சதுரம். தனியாக நிற்கும் ‘நி’க்கு வைரம். பார்த்த கண்ணுக்கு அடுத்த சுரத்தின் தூரம் தெரிந்துவிடும். இவ்வளவு சிக்கனமான சுரக்குறிப்பு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1844இல் ஜோர்ஜியாவைச் சேர்ந்த வைட்டும் கிங்கும் தொகுத்த ‘சேக்ரட் ஹார்ப்’ நூலை வைத்து இன்றும் இப்படிப் பாடுகிறார்கள். நான்கு குரல்வகையினரும் சதுரமாக, முகம் பார்த்து அமர்வார்கள். ரசிகர் என்று தனியாக யாரும் தேவையில்லை. முதலில் ஃபா, சோல் என்று சுரம், பிறகுதான் சொல். வாத்தியம் கிடையாது; ஒருவர் குரலால் சுருதி எடுத்துக் கொடுப்பார். அதுவரை நம் கூத்துக்காரர் வழிதான். தாளத்துக்கு மட்டும், பாவம், கையை மேலும் கீழும் அசைத்துத் தப்பில்லாமல் சமாளிக்கிறார்கள்.